கிங்மூர் மோதிரம்: அந்த முப்பது எழுத்துக்கு என்னதான் அர்த்தம்?

#1 | லீட்ஸ்வாசி

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் லண்டன் போனப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல ஒரு மோதிரம் பார்த்தேன். அதுல இருந்து மண்டைக்குள்ள அதே ஓட்டம்தான்.

தங்க மோதிரம். வட இங்கிலாந்துல கார்லைல் பக்கம் கிங்மூர்ங்கிற இடத்துல 1817ல கிடைச்சதாம். ஆங்கிலோ சாக்சன் காலம், 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு. சுத்திலும் ரூன் எழுத்து (வடக்கு ஐரோப்பாவோட பழங்கால எழுத்து) வெட்டியிருக்கு. வாசிச்சா இப்படி வருதாம்: "ஆர்க்ரியுஃப்ல்ட்க்ரியுரிதோங்லாஸ்டாபோன்டொல்". நான் தப்பா அடிக்கலை, அப்படியேதான்.

வீட்டுக்கு வந்து தேடினா, இதே வாசகத்தோட இன்னொரு மோதிரம் பிரம்ஹாம் மூர்ல 1736க்கு முன்னாடியே கிடைச்சிருக்கு. பிரம்ஹாம் எங்க வீட்டுல இருந்து கார்ல கால் மணி நேரம். தினமும் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன். மோதிரம் மட்டும் கோபன்ஹேகன்ல டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்துல உட்கார்ந்திருக்கு.

இது என்ன மொழி? என்ன அர்த்தம்? "காப்பு மோதிரம்"னு ஒரு வரி போட்டு முடிச்சுட்டாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 | எழுத்தாணி

தம்பி, சுருக்கமான பதில்: எந்த மொழியிலும் அர்த்தம் இல்லை. நீளமான பதிலில்தான் சுவை இருக்கிறது.

இதே குடும்பத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அகேட் கல்லையே குடைந்து செய்த மோதிரம், லின்ஸ்டாக் காசில் மோதிரம் என்பார்கள். அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான். அதிலும் இதே வாசகம், ஆனால் சிதைந்து, கேட்டு எழுதியவன் பாதியில் தூங்கிவிட்டது போல இருக்கும்.

"ஆர்க்ரியு" என்ற தொடக்கத்துக்கு ஓர் உறவுக்காரன் இருக்கிறான். 10ஆம் நூற்றாண்டில் பழைய ஆங்கிலத்தில் எழுதிய ஒரு மருத்துவச் சுவடி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. "பால்டின் மருத்துவ நூல்" என்று பெயர். அதில் இரத்தப் பெருக்கை நிறுத்தச் சொல்லும் மந்திரத்தில் இதே சாயலில் ஒலிகள் வருகின்றன. பழைய ஐரிஷ் மொழி ஆங்கிலேயர் காதில் விழுந்து சிதைந்த ஒலிகள் என்று பலரும் கருதுகிறார்கள். ஆக, அந்த மோதிரம் இரத்தம் நிறுத்தும் மோதிரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கத்தியும் கோடரியும் புழங்கிய காலம் அல்லவா.

இப்போது எண்ணிப் பாருங்கள். பிரம்ஹாம் மோதிரத்தில் வாசகத்தைக் குறி போட்டு மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் துண்டில் 9 எழுத்து, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 12. மொத்தம் 30. கிங்மூரிலும் 30தான். ஆனால் வெளியே 27, கடைசி மூன்று எழுத்தான "டொல்" மட்டும் மோதிரத்தின் உள்பக்கம். 27 என்பது மூன்று ஒன்பது. வடக்கு ஐரோப்பிய மந்திர மரபில் மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இருந்த மரியாதை தெரிந்தவர்களுக்கு இது தற்செயலாகத் தோன்றாது.

#3 | பத்தர்மகன்

எழுத்தாணி ஐயா, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க மூணு தலைமுறையா கும்பகோணத்துல நகை வேலை. எனக்கு உங்க ஒன்பது கணக்கெல்லாம் தெரியாது. பட்டறைக் கணக்கு சொல்றேன்.

இடம் பத்தலை. அவ்வளவுதான்.

ஒருத்தர் வந்து முப்பது எழுத்து எழுதிக் குடுத்து இதை வெட்டுங்கறார். ஆசாரிக்கு அந்த எழுத்தே தெரியாது. ஒண்ணாவதுல இருந்து ஆரம்பிச்சு வெட்டிக்கிட்டே வர்றான், 27ல சுத்து முடிஞ்சு போச்சு. என்ன செய்வான்? மிச்சத்தை உள்ள தள்ளுவான். கல்யாண மோதிரத்துல மாப்பிள்ளை பேரு பெருசா இருந்தா நாங்க இன்னைக்கும் அதைத்தான் பண்றோம் 🙂

#4 | ஓய்வுபெற்ற டாக்டர்

இருவரும் சுவாரசியமாகப் பேசுகிறீர்கள். நான் நாற்பது வருடம் நரம்பியல் பார்த்தவன், ஆகவே கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன்.

இவை தாயத்துதான். விரலில் மாட்டிய தாயத்து. புரியாத சொல்லை எழுதி விற்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது: பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அர்த்தம் இல்லாத சொல் தோற்பதும் இல்லை. காக்காய் வலிப்பு வந்த பிள்ளையை மாத்திரைக்குப் பதிலாக மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்கள் என்னிடம் தாமதமாக வந்ததை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஐரோப்பாவில் தங்கத்தில் செய்தார்கள் என்பதற்காக அது கலையாகிவிடுமா?

#5 | முத்துநகர்

டாக்டர் ஐயா, உங்க கோபம் நியாயம். ஆனா அந்தக் காலத்து ஆளுகளுக்கு மாத்திரைன்னு ஒண்ணு இல்லையே. மாத்திரை இருந்தும் போகாதவனையும், மாத்திரையே இல்லாதவனையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது.

இன்னொண்ணு. எல்லா மோதிரமும் கிங்மூர் மாதிரி புரியாத மொழி இல்ல. 12, 13ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் பார்த்தா நிறைய மோதிரத்துல இருக்கிறது எங்க பூசை சொற்கள்தான். "ஆவே மரியா கிராசியா பிளேனா", அதாவது அருள் நிறைந்த மரியே வாழ்க. "யேசுஸ் நசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும்", அதாவது நசரேத்து யேசு, யூதர்களோட ராஜா; சிலுவை மேல பிலாத்து எழுதி வச்ச பலகை. இந்த நசரேனுஸ் வாசகத்தைப் போட்டுக்கிட்டா திடீர்ச் சாவு வராதுன்னு நம்பிக்கை. திடீர்ச் சாவுன்னா இப்ப நாம நினைக்கிற மாதிரி "நல்ல சாவு, படுத்துக் கிடக்கலை" இல்ல. அவங்களுக்கு அதுதான் பெரிய பயம். சாமியார்கிட்ட (எங்க கோயில் குரு) பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம, சாகப் போறப்ப எண்ணெய் பூசுற அவஸ்தைப் பூசுதல் வாங்காம செத்துப் போறது. அப்ப அந்த மோதிரம் கேக்கிறது ஆயுசு இல்ல, சாமியார் வந்து சேர்ற வரைக்கும் ஒரு மணி நேரம்.

#6 | கொலோன் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச கொலோனுக்குப் பக்கத்தில இருக்கிறன். இந்தக் கதையில எங்கட ஊருக்கும் பெரிய பங்கு இருக்கு எண்டதால எழுதுறன்.

காஸ்பர், மெல்கியோர், பல்தசார். பாலன் யேசுவைப் பார்க்க வந்த மூண்டு ராசாக்கள். பைபிளில இந்தப் பேரும் இல்லை, மூண்டு பேர் எண்ட கணக்கும் இல்லை, ராசாக்கள் எண்டும் இல்லை, ஞானிகள் எண்டுதான் இருக்கு. ஆனா 1164ல அவையின்ர எலும்புகள் எண்டு சொல்லி மிலானில இருந்து கொலோனுக்குக் கொண்டு வந்திட்டினம். கொண்டு வந்தவர் ரைனால்ட் எண்ட பேராயர். இண்டைக்கும் தேவாலயத்தில பெரிய தங்கப் பேழைக்குள்ள இருக்கு. அதுக்குப் பிறகு ஐரோப்பா முழுக்க அந்த மூண்டு பேரும் மோதிரத்தில, சங்கிலியில, கிண்ணத்தில எல்லாம் ஏறிட்டுது.

டாக்டர் ஐயா வலிப்பைப் பற்றிச் சொன்னதால இதையும் சொல்லவேணும். இந்தப் பேருகள் முக்கியமா வலிப்புக்குத்தான். லத்தீனில ஒரு பாட்டே இருக்கு. அதின்ர கருத்து: காஸ்பர் வெள்ளைப்போளம் கொண்டு வந்தார், மெல்கியோர் சாம்பிராணி, பல்தசார் பொன், இந்த மூண்டு பேரையும் தன்னோட வைச்சிருக்கிறவன் விழுகிற நோயில இருந்து கிறிஸ்துவின்ர இரக்கத்தால விடுபடுவான். ஏன் வலிப்பு? ஞானிகள் பிள்ளையைக் கண்ட உடனே தரையில விழுந்து கும்பிட்டவை எல்லோ? விழுந்தவை, ஆனா எழும்பினவை. விழுகிற நோய்க்கு விழுந்தவையே காவல்.

இஞ்ச இப்பவும் தை (சனவரி) 6ஆம் திகதியை ஒட்டிப் பிள்ளையள் ராசா வேசம் போட்டுக்கொண்டு வீடு வீடா வருவினம். பாடிப்போட்டுக் கதவு நிலையில சோக்கட்டியால வருசத்தையும் மூண்டு எழுத்தையும் எழுதிப்போட்டுப் போவினம். கேட்டா அது "கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்" எண்ட லத்தீன் வாக்கியத்தின்ர முதல் எழுத்துகளாம். மேல் மாடியில இருக்கிற கிழவியைக் கேட்டா, அதென்ன கதை, மூண்டு ராசாக்களின்ர பேர்தானே எண்டுவா.

#7 | லீட்ஸ்வாசி

விழுந்தவங்களே காவல்!! கொலோன் அண்ணா, இது போதும் எனக்கு ஒரு வாரத்துக்கு.

#8 | எழுத்தாணி

> மேல் மாடியில இருக்கிற கிழவியைக் கேட்டா

அந்தப் பாட்டியம்மாவிடம்தான் இந்த இழையின் சாவி இருக்கிறது. விளக்கம் பின்னால் வருகிறது, எழுத்து முன்னால் வந்துவிடுகிறது.

"அனனிசாப்தா" என்று ஒரு சொல். இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் மோதிரத்திலும் பதக்கத்திலும் நிறைய வரும். நஞ்சுக்கும் வலிப்புக்கும் காப்பு. இதை ஒரு லத்தீன் வேண்டுதலின் முதலெழுத்துகள் என்று இடைக்காலத்திலேயே விரித்துச் சொன்னார்கள்: நசரேயனின் மாற்றுமருந்து நஞ்சுச் சாவை அகற்றட்டும், திரித்துவம் உணவையும் பானத்தையும் புனிதமாக்கட்டும். அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் எனக்கு இது பிறகு தைத்த சட்டை போலத்தான் படுகிறது. சொல் முதலில் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். படித்த சாமியார் ஒருவர் அதற்கு வெட்கப்பட்டு இலக்கணம் கண்டுபிடித்திருக்க வேண்டும். மாறாக "அக்லா" என்ற சொல் உண்மையாகவே எபிரேயச் சுருக்கம்: "ஆண்டவரே, நீர் என்றென்றும் வல்லவர்" என்ற நான்கு சொற்களின் தலையெழுத்து.

கீல்வாதத்துக்கு ஒன்று உண்டு: "தேபல் குத் குத்தானி". லத்தீனில் "குத்தா" என்றால் துளி. மூட்டில் கெட்ட நீர் துளித்துளியாக இறங்குகிறது என்று நினைத்ததால் கீல்வாதத்துக்கே அந்தப் பெயர் வந்தது. குத்து குத்து என்று வலிக்கும் நோய்க்குக் குத்தானி என்று மருந்து. தமிழ்க் காதுக்கு மட்டும் கிடைக்கும் உபரி இன்பம் இது. பல்வலிக்கு "புரோ பெர்தோ பெர்னெதோ".

#9 | ஓய்வுபெற்ற டாக்டர்

பல்வலிக்கு அது கேட்டதா?

#10 | எழுத்தாணி

பல் விழும் வரை போட்டிருந்தால் கேட்டிருக்கும் டாக்டர்.

#11 | முத்துநகர்

😂😂

சரி, திருச்சபை இதை எப்படி விட்டுச்சுன்னு யாரும் கேக்கலையே. விடலை, தடுக்கவும் இல்லை. நடுவுல நின்னுச்சு. திருச்சபையோட பெரிய இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டுலயே இதை ஒரு கேள்வியா எடுத்து எழுதியிருக்கார்: தெய்வீகச் சொற்களைக் கழுத்துல தொங்கவிடலாமா? அவர் பதில் "போடலாம், ஆனா". புரியாத பேர் எதுவும் இருக்கக் கூடாது, அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது. பொய் கலக்கக் கூடாது. சிலுவை தவிர வேற குறி கூடாது. எழுதுற விதத்துலயோ கட்டுற விதத்துலயோ சக்தி இருக்குன்னு நம்பக் கூடாது.

இப்ப அந்த அளவுகோலைக் கையில வச்சுக்கிட்டு மோதிரத்தைப் பாருங்க. அனனிசாப்தா தோத்துப் போகும், தேபல் தோத்துப் போகும், கிங்மூர் வாசல்லயே நிக்கும். ஆனா இந்த மோதிரங்களைப் போட்டவங்க வேற மதத்துக்காரங்க இல்ல. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனவங்கதான். ஒரே மோதிரத்துல ரெண்டையும் வெட்டினாங்க.

#12 | லீட்ஸ்வாசி

ஒரே மோதிரத்துல ரெண்டும் இருக்கிற மாதிரி நிஜமாவே ஒண்ணு இருக்கா?

#13 | முத்துநகர்

இருக்கு. கோவென்ட்ரி மோதிரம். 1802ல கோவென்ட்ரி ஊர்ப் பூங்காவுல கிடைச்சது, 15ஆம் நூற்றாண்டு. அதுவும் பிரிட்டிஷ் மியூசியம்தான், நீ அதைத் தாண்டித்தான் போயிருப்ப.

அகலமான தங்கப் பட்டை. வெளிப்பக்கம் ஆண்டவர் கல்லறைக்குள்ள எழுந்து நிக்கிறார், பின்னால அவரோட பாடுகளின் (சிலுவைத் துன்பத்தின்) கருவிகள். பக்கத்துல அஞ்சு திருக்காயத்தையும் தனித்தனியா வரைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் ஆங்கிலத்துல பேரு போட்டிருக்கு: இரக்கத்தின் ஊற்று, கருணையின் ஊற்று, ஆறுதலின் ஊற்று, அருளின் ஊற்று. விலாக் காயத்துக்கு மட்டும் நித்திய வாழ்வின் ஊற்று. காயத்தைக் கிணறுன்னு சொல்றாங்க பாருங்க. சின்ன வயசுல பெரிய வெள்ளிக்கிழமை ஐந்து காய மந்திரம் சொல்றப்ப எங்க பாட்டி குரல் உடையும். இந்த மோதிரப் படத்தைப் பார்த்தப்ப எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுச்சு.

இது வெளிப்பக்கம். எல்லாரும் பார்க்கிற பக்கம். இப்ப உள்பக்கம், விரல்ல ஒட்டிக்கிட்டிருக்கிற பக்கம், லத்தீன்: "தேவனின் ஐந்து காயங்கள் என் மருந்து, தூய சிலுவையும் கிறிஸ்துவின் பாடும் எனக்கு மருந்து, காஸ்பர், மெல்கியோர், பல்தசார், அனனிசாப்தா, தெத்ராகிரமாத்தோன்". கடைசிச் சொல் கிரேக்கம், "நாலு எழுத்து"ன்னு அர்த்தம், உச்சரிக்கக் கூடாத கடவுள் பேரு.

வெளிய சாமியார் கேட்டா சொல்லக்கூடிய பக்தி. உள்ள மருந்துச் சீட்டு. ஒரு நாள் ராத்திரி முழுக்க இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

#14 | எழுத்தாணி

முத்துநகர் சொன்னதற்கு ஒரு ஆவணச் சாட்சி. சர் எட்மண்ட் ஷா லண்டனில் பொற்கொல்லர், 1482இல் மேயராகவும் வந்தவர். இறந்தது 1488இல். தன் உயிலில் நண்பர்களுக்குக் கொடுக்க 16 தங்க மோதிரங்கள் செய்யச் சொல்கிறார். அவற்றில் இரக்கத்தின் ஊற்று, கருணையின் ஊற்று, நித்திய வாழ்வின் ஊற்று என்று பொறிக்க வேண்டும் என்று கட்டளை. ஆக இது ஒரு வகை மாதிரி, பலரிடம் இருந்திருக்கிறது. தொழில் தெரிந்த ஆளே தன் சாவுக்குப் பிறகு எந்த வாசகம் வெட்ட வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார். ஏமாற்றுக்காரன் வாடிக்கையாளனுக்கு விற்ற பண்டம் என்ற டாக்டரின் சித்திரம் இங்கே சற்று ஆட்டம் காணுகிறது.

#15 | ஓய்வுபெற்ற டாக்டர்

ஒத்துக்கொள்கிறேன், பாதி. செய்பவனே நம்பினான் என்றால் அது மோசடி அல்ல. மருந்தும் அல்ல, அவ்வளவுதான். 16 மோதிரம் என்பது மட்டும் என்னைத் தொடுகிறது.

#16 | பத்தர்மகன்

உள்பக்கம், உள்பக்கம்னு எல்லாரும் பேசுறீங்க, ஒரு விஷயம் விட்டுப் போச்சு. கல்லு வச்ச காப்பு மோதிரத்துல பின்பக்கம் ஓட்டை விட்டிருப்பாங்க. கல்லு தோலைத் தொடணும். நம்ம ஊர்ல நவரத்தின மோதிரம் செய்ய வர்றவங்களும் முதல்ல கேக்கிறது அதுதான், "கீழ திறந்து வைங்க". எங்க அப்பா "அழுக்கு சேரும்மா"ன்னு சொல்லுவார், கேக்க மாட்டாங்க.

அங்க தேரைக்கல்னு ஒண்ணு. கிழட்டுத் தேரை மண்டைக்குள்ள இருந்து எடுக்கிற கல்லுன்னு நம்பினாங்க. விஷம் பக்கத்துல வந்தா சூடாகுமாம். நிஜத்துல அது லெபிடோட்டஸ்ங்கிற அழிஞ்சு போன மீனோட பல்லு, கல்லாப் போனது. பொத்தான் மாதிரி வழவழன்னு பழுப்பா இருக்கும். சூடானா விரலுக்குத் தெரியணும்ல, அதனால அதுக்கும் பின்னால ஓட்டை. எழுத்து உள்ள வெட்டுறதும் அதே கணக்குதான்னு எனக்குத் தோணுது. படிக்கிறதுக்கு இல்ல, படறதுக்கு.

#17 | எழுத்தாணி

"படிக்கிறதுக்கு இல்ல, படறதுக்கு." இதை நான் எழுதியிருக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

#18 | லீட்ஸ்வாசி

பத்தர் அண்ணா, ஒரு உதவி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். இந்த இழை ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் ஆன்லைன்ல ஒரு வெள்ளி மோதிரம் வாங்கிட்டேன். "14ஆம் நூற்றாண்டு, ஆவே மரியா, வயல்ல கிடைச்சது"ன்னு போட்டிருந்தான். 85 பவுண்ட். வந்து சேர்ந்திருக்கு. பச்சையா அழுக்கெல்லாம் ஒட்டியிருக்கு. எழுத்து ஓரமெல்லாம் சோப்புல அழுத்தின மாதிரி மழுங்கலா, பள்ளத்துக்குள்ள சின்னச் சின்னப் புள்ளி இருக்கு. உள்பக்கம் எழுத்து எதுவும் இல்ல.

#19 | பத்தர்மகன்

தம்பி… வார்ப்பு. உளியால வெட்டின எழுத்து ஓரம் கத்தி மாதிரி நிக்கும், தேஞ்சு போனாலும் பள்ளத்தோட அடி சுத்தமா ஒரு கோடா இருக்கும். உளி இறங்கி ஏறின இடம் தெரியும். நீ சொல்ற புள்ளி, அச்சுல ஊத்தினப்ப காத்து மாட்டிக்கிட்ட குமிழி. மேடு தேயாம பள்ளம் மட்டும் மழுங்காது, ரெண்டும் ஒரே அளவு மழுங்கியிருந்தா அச்சே மழுங்கல்னு அர்த்தம். அந்தப் பச்சையை வெந்நீர்ல சீயக்காய் போட்டுத் தேச்சுப் பாரு, வந்துரும்.

#20 | லீட்ஸ்வாசி

தேச்சேன். வந்துருச்சு. உள்ள பளபளன்னு இருக்கு 😞

#21 | எழுத்தாணி

85 பவுண்டுக்கு ஒரு பாடம், அதிகமில்லை. எழுத்தின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 1350 வரை மோதிரங்களில் உருண்டு தடித்த லொம்பார்டிக் எழுத்து. அதன் பிறகு ஒடித்து மடித்தது போன்ற கோதிக் கறுப்பெழுத்து. விற்பவர் சொன்ன நூற்றாண்டும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, இங்கிலாந்தில் 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளி மோதிரம் வயலில் கிடைத்தால் 1996இன் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். அந்தத் தாள் எதுவும் இல்லாமல் "வயலில் கிடைத்தது" என்றால் பெரும்பாலும் திருட்டு அல்லது பொய். உங்களுக்கு வாய்த்தது பொய், அந்த மட்டில் நல்லது.

#22 | கொலோன் தம்பி

பிரயாணத்துக்கு ஒண்டும் இல்லையோ? நாங்கள் எல்லாம் பிரயாணத்தில வந்த ஆக்கள் எல்லோ.

#23 | முத்துநகர்

இருக்குண்ணா. பைபிள்ல லூக்கா 4:30. நாசரேத்துக்காரங்க யேசுவை மலை உச்சியில இருந்து தள்ளிவிடக் கூட்டிட்டுப் போறாங்க, "அவரோ அவர்கள் நடுவே நடந்து சென்று அங்கிருந்து போய்விட்டார்". அந்த லத்தீன் வரிதான் கள்ளனுக்கும் ஆபத்துக்கும் காப்பு. கூட்டத்துக்கு நடுவுல யார் கண்ணுலயும் படாமப் போற வரம். மோதிரத்துல மட்டும் இல்ல, இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்ட் 1344ல அடிச்ச நோபிள் தங்கக் காசைச் சுத்தியும் இதேதான். காசே தாயத்து. கள்ளன் கையில சிக்காம இருக்கணும்னு வேண்டிக்கத் தங்கக் காசை விடப் பொருத்தமான இடம் ஏது.

#24 | ஓய்வுபெற்ற டாக்டர்

ராஜா என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, என் துறைக்குப் பக்கத்துச் சமாச்சாரம். இழுப்பு மோதிரங்கள். இங்கிலாந்து அரசர் பெரிய வெள்ளியன்று சிலுவை முன் மண்டியிட்டு ஊர்ந்து போய்ப் பொன், வெள்ளிக் காசு காணிக்கை வைப்பார். அந்தக் காசை உருக்கி மோதிரம் செய்வார்கள். இரண்டாம் எட்வர்ட் காலத்திலிருந்து அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. பின்னாளில் முன்கூட்டியே செய்த மோதிரங்களை அரசர் கையால் தேய்த்து மந்திரிப்பதாக மாறியது. கெண்டைக்கால் பிடிப்புக்கும் வலிப்புக்கும்.

1529இல் ஆன் பொலின் (பின்னாளில் எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி) ரோமில் இருந்த அரசரின் தூதர் கார்டினருக்குக் கடிதம் எழுதும்போது, உங்களுக்கும் கூட இருப்பவர்களுக்கும் இழுப்பு மோதிரம் அனுப்பியிருக்கிறேன் என்கிறாள். அப்போது அவள் ராணிகூட இல்லை. ரோமுக்குப் போனவர்கள் போனதே ஹென்றியின் முதல் திருமணத்தை ரத்து செய்யும் வேலையாக. விவாகரத்துத் தூதர்களுக்குக் கால் பிடிப்புக்கு மந்திரித்த மோதிரம்! கடைசியாக மந்திரித்தது ராணி மேரி; 1558இல் அவள் போனதோடு அடுத்து வந்த ராணி எலிசபெத் அதை நிறுத்திவிட்டாள்.

நான் இதைச் சொல்வதில் உள்நோக்கம் உண்டு. கவனியுங்கள், அந்த மோதிரத்துக்கு எழுத்தே வேண்டாம். ராஜா தொட்டால் போதும். எழுத்து யாருக்கு வேண்டும் என்றால், ராஜா கை எட்டாதவர்களுக்கு.

#25 | எழுத்தாணி

டாக்டர், நீங்கள் எதிர்க்கட்சி என்று நினைத்திருந்தேன்.

#26 | ஓய்வுபெற்ற டாக்டர்

இன்னும் எதிர்க்கட்சிதான். எதிரியைப் படிக்கிறேன்.

#27 | முத்துநகர்

ஒருத்தியைச் சொல்லாம இந்த இழையை விட முடியாது. ஜோன் ஆஃப் ஆர்க், பிரான்ஸுக்காக இங்கிலாந்தோட சண்டை போட்ட பொண்ணு. 1431ல ரூவான் ஊர்ல விசாரணை. அவ மோதிரத்தைப் பத்தித் துருவித் துருவிக் கேக்கிறாங்க, சூனியம்னு ஜோடிக்கணும்ல.

அவ சொல்றா: ஒண்ணு (என்னைப் பிடிச்ச) பர்கண்டிக்காரங்க கையில இருக்கு. இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கு, என் சகோதரன் குடுத்தது, அதைக் கோயிலுக்குக் குடுத்துருங்க. முதல் மோதிரம் அப்பாவோ அம்மாவோ எங்க ஊர் தோம்ரெமில வச்சுக் குடுத்தது. அதுல "யேசு மரியா"ன்னு எழுதியிருந்துச்சுன்னு நினைக்கிறேன், யார் எழுத வச்சாங்கன்னு தெரியாது. கல்லு எதுவும் இல்ல. இந்த மோதிரத்தை வச்சு நான் யாரையும் குணமாக்கினதே இல்ல.

பிறகு இன்னொரு நாள், சண்டைக்குப் போறப்ப எதுக்கு மோதிரத்தைப் பார்ப்பேன்னு கேக்கிறாங்க. அதுல ஒரு சந்தோஷம், அப்பா அம்மாவுக்கு மரியாதை. அவ்வளவுதான் பதில்.

ஊர்ல பாதிப் பேர் கையில "யேசு மரியா" இருந்திருக்கும். அவ கையில இருந்தா மட்டும் குத்தம். 2016ல அவளோடதுன்னு சொல்லி ஒரு மோதிரம் லண்டன்ல ஏலத்துக்கு வந்து, கிட்டத்தட்ட 3 லட்சம் பவுண்டுக்கு பிரான்ஸ்ல புய் து ஃபூங்கிற பொழுதுபோக்குப் பூங்காக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. அவளோடதுதானான்னு சண்டை நடக்குது. எனக்கு அந்த மோதிரம் வேண்டாம், அந்தப் பதில் போதும்.

#28 | கொலோன் தம்பி

அப்பா அம்மாவுக்கு மரியாதை. என்ர அம்மா வெளிக்கிடேக்க கட்டி விட்ட நூல் இஞ்ச வந்து அறுந்து விழுந்தது. எறியேல்லை. பேர்ஸுக்குள்ள கிடக்கு.

#29 | பத்தர்மகன்

பத்து நாள் கழிச்சு வர்றேன். ஒரு காரியம் பண்ணேன், சிரிக்காதீங்க.

எழுத்தாணி ஐயா தனிமடல்ல அந்த முப்பது ரூன் எழுத்தையும் வரைஞ்சு அனுப்பினார். செப்புத் தகடு ஒண்ணை மோதிர அளவுக்கு நறுக்கி, ராத்திரி கடை அடைச்ச பிறகு உட்கார்ந்து சிற்றுளியால வெட்டினேன். ரூன் வெட்ட வசதியான எழுத்துதான், எல்லாம் நேர்க்கோடு. நம்ம தமிழ் மாதிரி சுழிச்சா உளி வழுக்கும்.

முதல் தகடு: பதினெட்டாவது எழுத்துல ஒண்ணை விட்டுட்டேன். அர்த்தம் தெரியாததால விட்டதே தெரியல. வெட்டி முடிச்சு எண்ணினா 29. லின்ஸ்டாக் மோதிரம் ஏன் அப்படிச் சிதைஞ்சிருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அந்த ஆள் தூங்கல ஐயா. முழிச்சுக்கிட்டு வெட்டினாலும் அப்படித்தான் வரும்.

ரெண்டாவது தகடு: இடம் பத்தாதுன்னு இருபதுக்கு மேல கைக்குத் தெரிஞ்சு போச்சு. நான் நினைக்காமலே கை நெருக்க ஆரம்பிச்சுருச்சு. கடைசி ஆறு எழுத்து பஸ்ல நிக்கிற மாதிரி ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு, ஆனா முப்பதும் வெளியவே அடங்கிருச்சு. எந்த ஆசாரி கையும் இதைத்தான் செய்யும். மூணை அப்படியே முழுசா மிச்சம் வச்சுட்டு உள்ள போக மாட்டான்.

அதனால "இடம் பத்தலை, அவ்வளவுதான்"னு நான் மூணாம் பதிவுல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். முழுசா இல்ல, பாதி. இன்னும் ஒண்ணு தெரியணும். லீட்ஸ் தம்பி, அடுத்த தடவை மியூசியம் போறப்ப 27ஆம் எழுத்துக்கு முன்னாடி இருக்கிற அஞ்சாறு எழுத்து நெருக்கியடிச்சு இருக்கா, இல்ல ஆரம்பத்துல இருக்கிற அதே இடைவெளியில வசதியா நிக்குதான்னு பார்த்துச் சொல்லு. நெருக்கமா இருந்தா நான் ஜெயிச்சேன். வசதியா நின்னா எழுத்தாணி ஐயாவோட ஒன்பது ஜெயிச்சுது.

#30 | லீட்ஸ்வாசி

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. பூதக்கண்ணாடியும் ஸ்கேலும் எடுத்துட்டுப் போறேன். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து "டொல்" தெரியுமான்னுதான் கவலை.

#31 | பத்தர்மகன்

அது தெரியாட்டிப் பரவால்ல. வெளிய பாரு போதும்.